பங்கு வந்தது, மணி குறையவில்லை: மட்டக்களப்புப் பெட்டித் தொழிலகம் ஒன்றின் உற்பத்தித்திறன், 2018–2024

பதிவின் நோக்கம்

மட்டக்களப்பு நகருக்கும் கல்முனைக்கும் இடையில், பிரதான வீதியோரத்தில் உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் பெட்டிகளும் சிறிய லொறிகளுக்கான பொடியும் (உடற்கூடும்) செய்கின்ற ஒரு தொழிலகத்தில் 2018 முதல் 2024 வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் காலம் முழுவதும் அதன் கணக்குகளைப் பார்த்து வந்தவன் என்பதால் நான் வெளியாள் அல்லன். எடுக்கப்பட்ட முடிவுகள் சிலவற்றில் என் பங்கும் உண்டு, அவற்றுள் சில பிழையானவை. பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

புலம்பெயர்ந்த உறவினரின் பணம் ஊர்த் தொழில்களுக்குள் வருவது நம் பகுதியில் புதிதல்ல. ஆனால் பணம் வந்த பிறகு ஒரு பொருளைச் செய்து முடிக்க ஆகும் மனித மணி குறைந்ததா என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே எண்ணிப் பார்த்தோம்.

தொழிலகமும் அதைத் தொடங்கியவரும்

தொடங்கியவர் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் சாலையொன்றில் (டிப்போவில்) லேலண்ட் பஸ்களைப் பழுதுபார்த்த மெக்கானிக். 1990களின் நடுப்பகுதியில் வேலையை விட்டு, வீட்டு வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, ஒரு வெல்டிங் பிளான்டுடன் பட்டறையைத் தொடங்கினார். யுத்தம் முடிந்த பிறகு படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் லீசிங்கில் உழவு இயந்திரங்கள் பெருகியபோது பட்டறையும் வளர்ந்தது. வட்டையிலிருந்து நெல் ஏற்றவும், ஆற்றுமண் ஏற்றவும், கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகவும் அந்தப் பெட்டிதான் வாகனம் என்பதால், பெரும்போக அறுவடைக்கு முன்னர், நவம்பர் முதல் ஜனவரி வரை, கட்டளைகள் குவியும். சிறுபோகத்துக்கு முன்னர் ஓரளவு வரும். மற்ற மாதங்களில் பழுது வேலைதான் சோறு போடும்.

2018இல் அங்கே 14 பேர் வேலை செய்தனர். நால்வர் வெல்டிங் பாஸ்மார் (கைதேர்ந்த வேலையாட்கள்), ஒருவர் பெயின்ற் பாஸ், மற்றவர்கள் உதவியாளர்கள். எல்லோருக்கும் நாட்கூலி. முதலாளியின் மகன் கட்டளை எடுப்பது, இரும்பு வாங்குவது, வங்கி அலுவல் ஆகியவற்றைப் பார்த்தார். ஒரு நான்கு சில்லு உழவு இயந்திரப் பெட்டிக்கு எத்தனை மணி ஆகிறது என்று அந்நாளில் யாரைக் கேட்டாலும் "நாலு நாள்" என்றுதான் பதில் வரும். எத்தனை பேருக்கு நாலு நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

முதலீடு வந்த விதம்: 2018

முதலாளியின் தங்கை மகன் 1990களில் கனடாவுக்குப் போனவர். ஒன்ராறியோ மாகாணத்தில், யப்பானிய நிறுவனமொன்றுக்குச் சொந்தமான கார்த் தொழிற்சாலையில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் பொருத்துவரிசையில் வேலை செய்து, ஒரு குழுவின் தலைவராக உயர்ந்தவர். 2018இல் அவர் ஒரு கோடியே 20 இலட்சம் ரூபாயை முதலிட முன்வந்தார். அப்போதைய நாணய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 75,000 அமெரிக்க டொலர்.

பட்டறை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதியப்பட்டது. 2017இன் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பணம் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வந்தது. பங்கு எத்தனை வீதம் என்பதில்தான் பேச்சு நீண்டது. மருமகன் பாதி கேட்டார். பக்கத்து வளவைக் கம்பனியின் பெயரில் வாங்கும் எண்ணமும் இருந்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டமோ வெளிநாட்டவருக்கு 50 வீதமும் அதற்கு மேலும் பங்குள்ள கம்பனிக்குக் காணியைக் கைமாற்றத் தடை விதிக்கிறது. அவரிடம் இருந்தது கனேடியக் குடியுரிமை மட்டுமே. ஆகவே 45 வீதத்தில் நின்றோம். சட்டம் கிழித்த கோடு என்பதால் அதில் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

ஆனால் பங்குதாரர் உடன்படிக்கையில் வேறொரு வரி இருந்தது: 75,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் இரு தரப்பினதும் எழுத்துமூல சம்மதம் வேண்டும். முதலிட்டவருக்கு அது நியாயமான பாதுகாப்பு என்று சொல்லி, அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான். ஒரு தடவைக்கு இறக்கும் இரும்பின் விலையே அந்தத் தொகையைத் தாண்டும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

வந்த பணத்தின் மிகப் பெரிய பகுதி, 38 இலட்சம் ரூபாய், கணினியால் இயங்கும் பிளாஸ்மா தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் போனது. மீதி புதிய கூரை, கம்பிரசர், மிக் வெல்டிங் பிளான்டுகள் ஆகியவற்றுக்கும், அடுத்த ஆண்டு வாங்கிய அந்த வளவுக்கும் செலவாயிற்று. இயந்திரத்தை வாங்குவதற்கு ஆதரவாக மூன்று பக்கத்தில் ஒரு கணிப்பு எழுதினேன். அந்தக் கணிப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி.

முதல் அளவீடு: ஜனவரி 2019

இயந்திரம் வந்து ஐந்து மாதத்தின் பின்னர், இலாபக் கணக்கில் எந்த அசைவும் இல்லாததால், மணிக்கணக்கு எடுக்கத் தொடங்கினேன். புதிய பெட்டி வேலைக்காகச் சம்பளம் கொடுக்கப்பட்ட மொத்த மணிகளை, முடித்து ஒப்படைத்த பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பது, அவ்வளவுதான். பழைய வரவுப் புத்தகங்களைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது, முதலீட்டுக்கு முந்திய பெரும்போகப் பருவத்தில் ஒரு பெட்டிக்கு 118 மணி ஆகியிருந்தது. புதிய இயந்திரத்துடன் 111 மணி.

ஏன் என்று அறிய, ஒரு நாள் முழுவதும் ஒரு வெல்டிங் பாஸின் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அவருடைய 480 நிமிடங்களில் வெல்டிங் வெளிச்சம் எரிந்தது 130 நிமிடம். சனல் இரும்பையும் எல் இரும்பையும் குவியலிலிருந்து தேடி, இழுத்து, நிமிர்த்தியதில் 95 நிமிடம் போயிற்று. சட்டத்தை மூலைக்கு மூலை நூல் பிடித்து நேர்பார்த்ததில் 85. செயின் புளொக்குக்கும் உதவியாளுக்கும் காத்திருந்ததில் 60. பற்றவைத்த சூட்டில் கோணிப்போன சட்டத்தைச் சம்மட்டியால் அடித்துத் திருத்தியதில் 40. தேநீரும் மற்றவையும் 70. பின்னேரம் அவர் என்னிடம் சொன்னார்: "இரும்பு தேடுற நேரத்தில இன்னொரு பெட்டி அடிச்சுப் போடலாம் தம்பி. அதுக்கு ஆர் மெசின் வாங்கித் தாறது?"

இரும்பு வெட்டுவது 118 மணியில் 14 மணியே. பிளாஸ்மா இயந்திரம் அந்த 14ஐ எவ்வளவு குறைத்தாலும் மீதி 104 அப்படியே இருக்கும். அதற்கு மேல், இயந்திரத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. பக்கத்து அரிசி ஆலைகள் ஓடும் பின்னேரங்களில் மின்னழுத்தம் விழுந்து இயந்திரம் தானாக நின்றுவிடும். என்னுடைய மூன்று பக்கக் கணிப்பில் இவை ஒன்றும் இல்லை.

75,000 ரூபாய் வரியும் தன் வேலையைக் காட்டியது. இரும்பு வாங்க வேண்டுமென்றால் மகன் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலை அனுப்புவார். குளிர்காலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். மருமகன் இரவு வேலைக்காரர். விழித்திருக்கும் நேரத்தில் பொருத்துவரிசையில் நிற்பார், வரிசையில் இல்லாத நேரத்தில் உறங்குவார். சம்மதம் வர இரண்டு நாள் ஆகும்; அதற்குள் விலை மாறிவிட்டால் மீண்டும் ஒரு சுற்று. எங்கள் கட்டளைகள் குவிவதும் குளிர்காலத்தில்தான்.

கார்த் தொழிற்சாலைகளைப் பார்த்தல்

முதலாளி இந்த நிலையைத் தம் வழியில் புரிந்துகொண்டார். அவர் வேலை செய்த காலத்தில், 1958இல் தேசியமயமான போக்குவரத்துச் சபை பிராந்திய சபைகளாகப் பிரிந்தது, 1990களின் தொடக்கத்தில் மக்கள்மயம் என்ற பெயரில் கம்பனிகளாக மாறியது. "சாலை எத்தனை கை மாறினாலும் ஸ்பனர் பிடிச்ச கை ஒண்டுதான்" என்பது அவர் கருத்து. மருமகனோ தான் பார்த்த தொழிற்சாலையை வைத்து, உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருடைய ஒழுங்குதான் தரைக்கு வரும் என்றார். இருவரும் என்னைக் கேட்டதால், மனித மணி உலகிலேயே மிக நுணுக்கமாக அளக்கப்பட்டிருக்கும் கார்த் தொழிலை நான் படிக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் பல நாடுகளின் கார்ப் பொருத்து தொழிற்சாலைகளை ஒப்பிட்டனர். 1989ஆம் ஆண்டு அளவீட்டில், ஒரு காரைப் பொருத்த யப்பானில் சராசரியாக 16.8 மணி ஆகியது. வட அமெரிக்காவில் யப்பானியருக்குச் சொந்தமான தொழிற்சாலைகளில் 21.2, அதே வட அமெரிக்காவில் அமெரிக்கருக்குச் சொந்தமானவற்றில் 25.1, ஐரோப்பாவில் 36.2. மேலோட்டமாகப் பார்த்தால் மருமகன் சொன்னதே சரி. அதே மண்ணில் உரிமையாளர் மாறும்போது ஏறத்தாழ 4 மணி குறைகிறது. ஆனால் யப்பானியரின் வட அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் புதிதாக எழுப்பப்பட்டவை. ஆட்களையும் புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். உரிமையின் பயனையும் புதுமையின் பயனையும் அந்த எண்ணிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

அதைப் பிரித்துக் காட்டுவது கலிபோர்னியாவின் ஃபிரிமொன்ட் தொழிற்சாலை. ஜெனரல் மோட்டர்ஸ் 1982இல் மூடிய அந்தத் தொழிற்சாலையை, டொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் சமபங்குக் கூட்டாக 1984இல் திறந்தன. கட்டடம் பழையது, ஆட்களில் பெரும்பாலோர் முன்பு அங்கே வேலை செய்த அதே தொழிற்சங்கத்தினர், நிர்வாகத்தை டொயோட்டா நடத்தியது. வேலைக்கு வராதோர் தொகை வெகுவாகக் குறைந்தது, தரம் உயர்ந்தது. பாதிப் பங்கை வைத்திருந்த ஜெனரல் மோட்டர்ஸ், அங்கே கண்கூடாக நடந்ததைத் தன்னுடைய மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் தடுமாறியது.

இந்தியாவில் 1982இல் சுசுகி மாருதியில் எடுத்தது 26 வீதமே. பெரும்பான்மை இந்திய அரசிடம் இருந்தது. 1983 டிசம்பரில் முதல் கார் வந்தபோதே சுசுகியின் வேலைமுறை தரையில் இருந்தது. நிர்வாகக் கட்டுப்பாடு சுசுகியிடம் போனதோ 2002இல். மறுபுறம், பி.எம்.டபிள்யூ. 1994இல் பிரித்தானியாவின் ரோவர் கார்க் கம்பனியை வாங்கி, பெருந்தொகை முதலிட்டு, 2000இல் வெறும் 10 ஸ்ரேர்லிங் பவுணுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. 2005இல் அந்தக் கம்பனி வீழ்ந்தது. முழு உரிமையும் ஜேர்மன் பணமும் இருந்தும் அதுதான் நடந்தது.

இவற்றை 14 பேர் பட்டறையோடு ஒப்பிடுவது மலையையும் மடுவையும் ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியும். எனினும், வேலைமுறை பங்கு வீதத்துக்கு அளவாக வருவதில்லை, அதைக் கையால் செய்தவர் வந்து தரையில் நின்றால் வருகிறது என்ற ஒரு முடிவை எடுக்க இவை போதுமாயிருந்தன. 2019 மார்ச்சில் மருமகனுக்கு எழுதினேன்: இன்னும் பணம் வேண்டாம், நீங்கள் வாருங்கள்.

ஏப்ரல் 21இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் மட்டக்களப்பும் இரத்தம் சிந்தியது. பட்டறை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. பெயின்ற் பாஸ் பக்கத்து முஸ்லிம் ஊரைச் சேர்ந்தவர். இரண்டு மாதத்துக்கு மேல் அவரால் வேலைக்கு வரமுடியவில்லை. அவருடைய இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதில்லை என்று முதலாளி முடிவு செய்தார். யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை.

மருமகனின் நான்கு மாதங்கள்: ஆகஸ்ட் – நவம்பர் 2019

அவர் விடுப்பெடுத்து ஆகஸ்டில் வந்தார். முதல் பத்து நாளும் எதையும் மாற்றவில்லை. பதினோராம் நாள் நிறுத்துக்கடிகாரத்தை எடுத்தார். பன்னிரண்டாம் நாள் மூத்த பாஸ் வேலைக்கு வரவில்லை. "என்ர வேலையை மணிக்கூடு வைச்சுப் பாக்கிற அளவுக்கு நான் கள்ளன் இல்லை" என்று வீட்டுக்குப் போனவர்களிடம் சொன்னார். கடிகாரம் அன்றே பெட்டிக்குள் போனது. அதற்குப் பதிலாகச் சுவரில் ஒரு கரும்பலகை வந்தது. அவரவர் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் அவரவரே எழுத வேண்டும் என்றாயிற்று.

முதல் பெரிய வேலை பொருத்துச்சட்டம், பட்டறைப் பேச்சில் ஜிக். பெட்டியின் அடிச்சட்டத்தை ஒவ்வொரு தடவையும் நூல் பிடித்து நேர்பார்ப்பதற்குப் பதிலாக, இரும்பை வைத்துப் பூட்டியதும் தானாகவே சதுரமாக நிற்கும் ஒரு நிலையான அமைப்பு. கழித்துவிட்ட இரண்டு லொறிச் சசிகளை (அடிச்சட்டங்களை) கொண்டு அதைச் செய்யலாம் என்று மருமகன் வரைந்து காட்டினார். முதலாவது சட்டம் அதில் பூட்டிப் பற்றவைக்கப்பட்டு வெளியே எடுக்கப்பட்டதும், ஆறிய இரும்பு வில்லாக வளைந்தது. கார்த் தொழிற்சாலையின் மெல்லிய தகட்டுக்கும் எங்கள் தடித்த சனல் இரும்புக்கும் இருந்த வித்தியாசம் அது.

அப்போது முதலாளி முன்னுக்கு வந்தார். சூட்டின் இழுவைக்கு ஈடாக, பூட்டும்போதே நடுவில் சில மில்லிமீட்டர் எதிர்ப்பக்கம் வளைத்து வைக்க வேண்டும் என்றார். "எவ்வளவு விடோணும் மாமா?" என்று கேட்டபோது, "கண்ணுக்குத் தெரியும் மருமகன்" என்ற பதிலே வந்தது. கண்ணுக்குத் தெரிவதை இரும்பில் பதிக்க மூன்று வாரம் எடுத்தது. வெவ்வேறு தடிப்புள்ள ஆப்புத் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, ஆறிய பின் தட்டையாக நிற்கும் அளவைக் கண்டுபிடித்து, அந்தத் தகடுகளை ஜிக்கிலேயே ஒட்டினார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 165,000 ரூபாய். நாற்பது ஆண்டு அனுபவம் ஒருவரின் கண்ணிலிருந்து எல்லோருடைய கைக்கும் போனது அங்கேதான். 38 இலட்சம் ரூபாய் இயந்திரம் அப்போது தார்ப்பாயால் மூடப்பட்டிருந்தது.

இரண்டாவது, இரும்பு அடுக்கு. ஒரு பெட்டிக்கு வேண்டிய அத்தனை துண்டுகளும் வெட்டப்பட்டு ஒரு தட்டில் அடுக்கப்பட்ட பின்பே பாஸ் கையில் கட்டளை கொடுக்கப்படும். தட்டு நிறையாவிட்டால் வேலை தொடங்கக் கூடாது. இது மிக எளிதாகப் பழக்கத்துக்கு வந்தது.

மூன்றாவது, கயிறு கட்டி அடிக்கும் மணி. டொயோட்டாவில் பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். அதைப் போல ஒரு கயிறும், கோயிலில் கழித்த ஒரு சிறு மணியும் கூரையில் தொங்கின. மூன்று வாரம் யாரும் இழுக்கவில்லை. இழுத்தால் அது இன்னொருவரைச் சுட்டுவதாகும். அங்கே பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. நான்காம் வாரம் 19 வயது உதவியாளன் ஒருவன், தன்னுடைய சொந்தப் பெரியப்பா பற்றவைத்த இழுவைக்கொக்கியில் ஊசித்துளை கண்டு மணியை இழுத்தான். பட்டறை அமைதியானது. முதலாளி வந்து, கண்ணாடியைப் போட்டு, கொக்கியைத் திருப்பிப் பார்த்து, "பொடியன் சொல்றது சரி. வெட்டி அடி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை மருமகன் சொல்லியிருந்தால் அந்தப் பெரியப்பா மறுநாள் வந்திருப்பாரா என்பது சந்தேகமே.

நான்காவது, உடன்படிக்கையின் அந்த வரி. மகனின் செலவு வரம்பு 75,000இலிருந்து 400,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழ் மாதமுடிவில் அறிக்கை மட்டும் போதும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கூலியும் அச்சமும்

மணி குறைந்தால் யாருக்கு நன்மை என்ற கேள்வியை மூத்த பாஸ்தான் எழுப்பினார். நாட்கூலிக்காரன் நாலு நாள் வேலையை மூன்று நாளில் முடித்தால் நாலாம் நாள் கூலி அவனுக்கு இல்லை. மந்தமான மாதங்களில் நால்வரை நிறுத்துவது அங்கே வழமை. வேகமாக வேலை செய்தால் அந்த மாதங்கள் கூடும். இதை யாரும் சோம்பல் என்று சொல்ல முடியாது. இது கணக்கு. ஃபிரிமொன்டில் தொழிற்சங்கத்துடன் செய்த உடன்படிக்கையில் ஆட்குறைப்பை இறுதி வழியாகவே கொள்வோம் என்ற உறுதி இருந்தது. 1988இல் விற்பனை சரிந்தபோது ஆட்களை அனுப்பாமல் பயிற்சியில் வைத்திருந்தார்கள்.

அதன்படி இரண்டு தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. முதலாவது, மணி குறைந்த காரணத்துக்காக எவரையும் நிறுத்துவதில்லை; மந்தமான மாதங்களில் கை உழவு இயந்திரத்துக்கான சிறு பெட்டிகளைச் செய்து அடுக்குவது. இரண்டாவது, ஒரு பெட்டிக்கு 110 மணி என்று எல்லை வைத்து, அதிலிருந்து மிச்சப்படும் மணிகளின் கூலியில் பாதியைத் தொழிலாளருக்கே கொடுப்பது. முதலாளி இரண்டாவதை எதிர்த்தார். கூலியும் கொடுத்து, குறைந்த வேலைக்குப் பரிசும் கொடுப்பதா என்றார். மருமகன் தன்னுடைய 45 வீத இலாபத்திலிருந்து முதல் ஆண்டுப் பங்கைக் கழித்துக்கொள்ளச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். முதலாவது கொடுப்பனவு 2020 தைப்பொங்கலுக்கு முதல் நாள் கடித உறையில் கொடுக்கப்பட்டது.

2020 ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையான கணக்கில் ஒரு பெட்டிக்கு 79 மணி ஆனது.

எண் ஏமாற்றிய ஆண்டுகள்: 2020 – 2022

மார்ச் 20இல் கொவிட் ஊரடங்கு வந்தது. அதே மாதம் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. புதிய வாகனம் வராததால் பழைய லொறிகளுக்குப் பொடி மாற்றும் வேலை பெருகியது, பட்டறை தாக்குப்பிடித்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கினாலும், அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் விழுந்தது. முற்பணம் கொடுத்த விவசாயிகளே கட்டளையை ரத்துச் செய்தனர். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை ஏறியபோது இரும்பு விலையும் அதனோடு ஏறியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு.

2022இல் ஒரு பெட்டிக்கு 97 மணி என்று என் கணக்கு காட்டியது. மருமகன் பதறிப்போய் அழைத்தார். பழைய பழக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்தார். உண்மையில் கரும்பலகையில் எழுதப்பட்ட வேலை நேரம் ஏறக்குறைய மாறவே இல்லை. மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்த மணிக்கும் நாங்கள் கூலி கொடுத்தோம். என் வகுத்தல் அதையும் சேர்த்துக்கொண்டது. கூலி மணியையும் கைவேலை மணியையும் தொடக்கத்திலிருந்தே பிரிக்காதது என் இன்னொரு தவறு.

பங்கு பற்றிய இரண்டாம் பேச்சு: 2022 – 2023

ரூபாய் விழுந்ததால் மருமகன் 75,000 டொலராகக் கொண்டுவந்த தொகை டொலர்க் கணக்கில் 34,000க்கும் கீழே போயிருந்தது. அதே வேளையில், புதிதாகக் கொண்டுவரும் ஒவ்வொரு டொலரும் முன்பைவிட இரு மடங்கு ரூபாயாக மாறும். 60 வீதப் பங்கு தந்தால் ஜெனரேட்டரும் இரும்புக் கையிருப்பும் வாங்கப் புதுப் பணம் இடுவதாகச் சொன்னார்.

மறுப்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. பக்கத்து வளவு கம்பனியின் பெயரில் இருந்தது; வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்தைத் தொட்டால் காணி உரித்தே சிக்கலுக்குள் போகும். மற்றக் காரணத்தை மகன் சொன்னார்: "மச்சான், நாப்பத்தஞ்சில நீங்க சொன்னது எல்லாம் நடந்தது. அறுபதில கூட என்ன நடக்கும்?" அதற்கு மருமகனிடம் பதில் இல்லை, ஓரளவு மனம் நொந்தார் என்றே நினைக்கிறேன். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தன் பணம் பாதியானதற்கு யாரும் அவருக்கு ஈடு சொல்லவில்லை.

இறுதியில் புதுப் பணம் பங்காக அல்லாமல், ரூபாயில் திருப்பிச் செலுத்தும் கடனாக வந்தது. 2023இல் முதலாளி ஓய்வெடுத்தபோது தன் பங்கிலிருந்து 8 வீதத்தை இரண்டு மூத்த பாஸ்மாருக்கு எழுதிக் கொடுத்தார். கடிகாரத்துக்குக் கோபித்து வீட்டுக்குப் போனவர் அவர்களில் ஒருவர். மருமகனின் 45 வீதம் மாறவில்லை.

2024 நிலையும் மாற்றிச் செய்யக்கூடியவையும்

2024 பெரும்போகப் பருவத்தில் ஒரு பெட்டிக்குக் கைவேலை மணி 76. வேலையாட்கள் 15 பேர். 2018இல் இருந்த 14 பேரில் 11 பேர் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்மா இயந்திரம் கடைசியில் பயன்பட்டது: தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்த ஒரு பெண்ணைச் சேர்த்த பின், காலை வேளைகளில் மற்றப் பட்டறைகளுக்கும் கேற் செய்பவர்களுக்கும் தகடு வெட்டிக் கொடுக்கிறது. அது ஈட்டும் வருமானம் கடன் தவணையைச் சமாளிக்கிறது. நான் 2018இல் எழுதிய காரணத்துக்காக அல்ல.

இதே வேலையை மீண்டும் தொடங்கினால் பணம் வருவதற்கு ஒரு பருவம் முன்னரே மணிக்கணக்கை எடுப்பேன். வெளிச்சம் எரிகிற நிமிடத்தைப் பார்க்காமல் எந்த இயந்திரத்துக்கும் கணிப்பு எழுத மாட்டேன். முதலிடுபவர் குறைந்தது மூன்று மாதம் தரையில் நிற்பதை உடன்படிக்கையிலேயே எழுதுவேன். செலவு வரம்பை ஒரு லொறி இரும்பின் விலையோடு இணைத்து, விலை ஏறும்போது அதுவும் ஏறும்படி வைப்பேன். கூலிப் பங்கீட்டை ஜிக்குக்கு முன்னர் பேசுவேன். மூத்த பாஸ் வராமல் போன நாட்களை அது மிச்சப்படுத்தியிருக்கும்.

தீராத விடயம் ஒன்று உண்டு. 110 மணி எல்லை 2019இல் வைத்தது. 76இல் நிற்கும் பட்டறைக்கு அந்த எல்லை மிகத் தாராளம் என்கிறார் மகன். அதைக் குறைத்தால் இனி யாரும் மணியைக் குறைக்க மாட்டார்கள் என்கிறார்கள் பங்காளிகளான இரண்டு பாஸ்மாரும். அடுத்த சிறுபோகத்துக்கு முன்னர் கூட்டம் வைத்திருக்கிறார்கள். மருமகன் தொலைபேசியில் கலந்துகொள்வார். கூட்டம் அவருடைய வேலை முடிந்து வீடு வரும் நேரத்துக்கு, இங்கே பின்னேரம் ஆறு மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.